மலைநாட்டு மாணவனும் இலக்கியப் பாடமும்

விழா மலர்களுக்குக் கட்டுரை வரைவோர் பெரும்பாலும் பழைய நாள்களைப் போற்றி எழுதுதல் மரபு. தம்மை ஆளாக்கிய ஆசான்மாரையும், விளையாட்டுத் திடலையும், நாமகள் விழாவையும் நினைந்து நெகிழ்தல் பழைய மாணவர்க்கு இயல்பே. ஆயினும் விழாக்காலம் மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று. செய்ததையும் செய்யத் தவறியதையும் எண்ணிப் பார்ப்பதற்கும் உரியதாகும். தமிழாசிரியப் பணியிற் பல்லாண்டு கழித்த நாம், அவ்வாறு எண்ணிப் பார்க்குமிடத்து நம் உள்ளத்தை உறுத்தும் ஒன்றை இம்மலரிற் கூற விழைகின்றோம். அஃதாவது, நம் வகுப்பறைகளில் இலக்கியம் என்னும் பெயராற் கற்பிக்கப்படுவது எவருடைய எழுத்து, அதனுள் தன்னைக் காணும் மாணவன் எவன், காணாதவன் எவன் என்பதே.

ஒரு கட்டுரைக் கொப்பி

பல ஆண்டுகளுக்கு முன்னர், கண்டியை அடுத்த ஒரு பாடசாலையில் நாம் தமிழ் கற்பித்து வந்தோம். மாணவரிற் சிலர் நகரத்து வணிகர் வீட்டுப் பிள்ளைகள். சிலர் முஸ்லிம் மாணவர். சிலர் அரச ஊழியரின் மக்கள். எஞ்சியோர் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நாள்தோறும் நடந்து வருவோர். ஒரு நாள் ‘எங்கள் கிராமம்’ என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்தோம். தோட்டத்து மாணவன் ஒருவன் தான் வாழும் இடத்தையே எழுதிக் கொணர்ந்தான். விடியற்காலையில் தப்பு முழங்கப் பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்தல், லயத்தின் பின்புறத்துப் பீலியில் நீர் பிடித்தல், கொழுந்து நிறுக்குமிடத்தில் தாய் நிற்றல், கவ்வாத்து வெட்டிய மலை மொட்டையாய்த் தோன்றுதல் ஆகிய யாவும் அதில் இருந்தன.

நாம் செய்தது யாது? சிவப்பு மையினால் ‘பிரட்டு’ என்பதைக் கோடிட்டோம். ‘லயம்’ என்பதன்மேல் வினாக்குறி இட்டோம். ‘கொச்சைச் சொற்களை விலக்குக’ என்று அடியில் எழுதினோம். அடுத்த தவணையில் அதே தலைப்பு மீண்டும் வந்தது. அம்மாணவன் இம்முறை பச்சைப் பசேலென்ற நெல்வயலையும், வானளாவிய பனைமரங்களையும், தாமரை பூத்த கோயிற் குளத்தையும் வருணித்திருந்தான். அவற்றுள் எதனையும் அவன் அந்நாள்வரை கண்டறியான். அக்கட்டுரைக்கு நாம் நிறைந்த புள்ளி வழங்கினோம்.

அன்று அதனைத் திருத்தம் என்று கருதினோம். தன் தாயின் உழைப்பு எழுதத்தகாத பொருள் என்று ஒரு பிள்ளைக்குக் கற்பித்துவிட்டோம் என்பது நெடுநாள் கழித்தே விளங்கிற்று. அவன் மீது குற்றமில்லை. பாடநூலில் அவன் கண்ட கிராமங்கள் அனைத்தும் வயலும் குளமும் உடையன. இலக்கியத்துள் இடம்பெறாத வாழ்க்கை எழுதுதற்கு ஏற்றதன்று என அவன் முடிவு செய்தது, நாம் கற்பித்த பாடத்தின் நேரான பயனேயாம்.

பலர் கட்டிய மாளிகை

பல்வேறு சமூகத்தாரின் எழுத்துக்களைப் பாடத்துட் கொணர்தல் வேண்டும் என்று கூறின், அது வேற்று நாட்டார் கண்ட புதுமை என ஐயுறுவோர் உளர். தமிழிலக்கிய வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்போர்க்கு இவ்வையம் எழாது. சிந்தாமணி சமணர் தந்தது. மணிமேகலை பௌத்தர் தந்தது. சீறாப்புராணம் உமறுப்புலவர் என்னும் முஸ்லிம் புலவர் தந்தது. தேம்பாவணி இத்தாலி நாட்டிற் பிறந்த வீரமாமுனிவர் தந்தது. 1879இல் வெளிவந்து முதல் தமிழ் நாவல் எனப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை கிறித்தவர். இவர்களை நீக்கிவிட்டால் எஞ்சுவதைத் தமிழிலக்கியம் என்று நிறைவாகச் சொல்லுதல் இயலாது.

இந்நூல்களை அச்சேற்றிக் காத்தவர் யாவர் என்பது இன்னும் ஊன்றி நோக்கத்தக்கது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சைவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, பௌத்தரான புத்தமித்திரரின் வீரசோழியத்தை 1881இலும், சமணக் காப்பியமாகிய சூளாமணியை 1889இலும் பதிப்பித்தார். சைவத்தில் ஊறிய உ. வே. சாமிநாதையர் 1887இற் சிந்தாமணியைப் பதிப்பித்தார். சைவ நூல்களையும் பிரபந்தங்களையும் துறைபோகக் கற்ற அப்பெரியார், சிந்தாமணியிற் பொருள் விளங்காத இடங்கள் பல கண்டபோது, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று, அவர்கள்பாற் கேட்டுத் தெளிந்தார். தமக்குத் தெரியாதது தாழ்ந்தது என அவர் கருதவில்லை. எவருடைய வாழ்வில் அந்நூல் உயிரோடு நின்றதோ அவரிடமே மாணவராய் அமர்ந்தார். ஆசிரியர் என்பார்க்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேறில்லை. லயம் என்னும் சொல்லுக்கு வினாக்குறி இட்ட நாம், அம்மாணவனிடம் ஒரு வினாவேனும் கேட்டிருக்கலாமன்றோ?

நம்மைச் சூழ்ந்த எழுத்துக்கள்

வேற்றிடங்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கண்டி மாநகரும் அதனைச் சூழ்ந்த மலைகளும் ஈன்ற எழுத்தாளரை மட்டும் எண்ணினும், ஒரு பாடத்திட்டம் நிறையும்.

1838இற் கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை வழக்கறிஞராய் விளங்கியவர். முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காகப் பாடசாலைகள் நிறுவியவர். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1885இல் அவர் வெளியிட்ட ‘அசன்பேயுடைய சரித்திரம்’ ஈழத்தவர் எழுதிய முதல் தமிழ் நாவல் எனப் பலராலும் கொள்ளப்படுகின்றது. பிரதாப முதலியார் சரித்திரம் தோன்றி ஆறாண்டுகளே கழிந்த நிலையில், நம் நகரத்தவர் ஒருவர் அவ்வடிவத்தைக் கையாண்டிருக்கின்றார். இந்நகரின் வீதிகளில் நாள்தோறும் நடக்கும் மாணவரில் எத்துணையர் இதனை அறிவர்?

தெல்தோட்டையை அடுத்த போப்பிட்டியில் 1866இற் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் மரபுவழிச் செய்யுளிற் கைதேர்ந்தவர். அவர் பிறந்து ஓராண்டு கழித்து, 1867இல், அதே மலைப்புறத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். கண்டி மாவட்டத்துக் கல்ஹின்னையில் எஸ். எம். ஹனிபா நிறுவிய தமிழ் மன்றம் பல தமிழ் நூல்களை வெளியிட்டது. தலாத்துஓயாவைச் சேர்ந்த கே. கணேஷ், 1946இல் கே. இராமநாதனோடு சேர்ந்து ‘பாரதி’ என்னும் இதழை நடத்தினார். முல்க் ராஜ் ஆனந்தின் நாவலைத் ‘தீண்டாதான்’ எனத் தமிழாக்கினார். சீன எழுத்தாளர் லூ சுன்னின் படைப்புக்களையும் தமிழருக்கு அறிமுகப்படுத்தினார். சிற்றூரில் இருந்தவாறே உலக இலக்கியத்தை அளந்த பெரியார் அவர்.

இனி, தேயிலை மலைகளிலிருந்து எழுந்த எழுத்து. தமிழகத்திலிருந்து கோப்பிப் பயிருக்கும் பின்னர்த் தேயிலைக்கும் உழைக்க வந்த மக்களின் வரவு தொடங்கி இருநூறாண்டு நிறைந்ததை 2023இல் மலையகம் நினைவுகூர்ந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இந்நாட்டுக் குடியுரிமை வழங்கவும் வகுத்தது. வரலாற்றுப் பாடத்தில் இவை எண்களாக நிற்கும். அவ்வெண்களுக்கு முகமும் குரலும் தருவது இலக்கியமே.

புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைத் தீட்டினார். அது தமிழகத்திலிருந்து நோக்கிய பார்வை, இரக்கம் நிறைந்தது. தோட்டத்தினுள்ளே பிறந்தவர் எழுதிய போது மற்றொன்று தோன்றிற்று. 1914இற் பூண்டுலோயாப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானார். குடியுரிமைச் சட்டத்தினால் தம் மக்கள் வாக்குரிமை இழந்ததைக் கண்ணாற் கண்டார். 1954இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நெடும்பாட்டைச் சக்தி அ. பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். தொழிலாளர் வாய்மொழியாகப் பாடி வந்த பாடல்களையும் வேலுப்பிள்ளை தொகுத்துக் காத்தார். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’, ‘நாமிருக்கும் நாடே’ என்பன இம்மரபில் வந்தவை. தெளிவத்தை ஜோசப் 2013இல் தமிழகத்து விஷ்ணுபுரம் விருதைப் பெற்றார், 2022இல் மறைந்தார். கடல் கடந்த வாசகர் மாலையிட்ட எழுத்தாளரை, அவர் எழுதிய மலைகளிலேயே வாழும் மாணவன் அறியாதிருத்தல் முறையாகுமா?

ஆங்கில இலக்கிய வகுப்பிலும் இக்குறை உண்டு. வேற்றுத் தேசத்து வசந்த மலர்களை மனனஞ் செய்த மாணவர், கண்டியில் வாழ்ந்து 2019இல் மறைந்த பறங்கிய குலத்துக் கவிஞர் ஜீன் அரசநாயகத்தை அறிதல் வேண்டும். தமிழரை மணந்த அவர், 1983இன் இனக்கொடுமையைத் தாமே அனுபவித்துக் கவிதையாக்கியவர்.

சிங்களரும் நாமும் ஒரே பேருந்தில் ஏறி ஒரே சந்தையிற் பொருள் வாங்குகின்றோம். ஒருவர் இலக்கியத்தை ஒருவர் அறியோம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ நாவலை எம். எம். உவைஸ் ‘கிராமப் பிறழ்வு’ எனத் தமிழில் தந்தார். சிங்கள நாவலை முஸ்லிம் அறிஞர் தமிழாக்கினார் என்னும் செய்தியே ஒரு பாடமாகும். பேராதனையில் எதிரிவீர சரச்சந்திரர் மரபுக்கூத்தை அடியாகக் கொண்டு 1956இல் ‘மனமே’ நாடகத்தை ஆக்கினார். அதே பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைச் செப்பஞ்செய்து, 1962இற் ‘கர்ணன் போர்’ முதலியவற்றை மேடையேற்றினார். அயலார் கலையைக் கண்டு தம் கலையை மீட்டல் அடிமைத்தனமன்று, அறிவுடைமையே.

சொல் பற்றிய வழக்கு

1960களின் தொடக்கத்தில் ஈழத்துத் தமிழறிஞரிடையே ‘இழிசனர் வழக்கு’ என்பது பற்றிப் பெரும் விவாதம் நிகழ்ந்தது. பேச்சுமொழி இலக்கியத்துட் புகலாகாது என்றனர் மரபுவழிப் பண்டிதர் சிலர். மக்கள் வாழ்வை எழுதுவோர் அவர்தம் மொழியை விலக்கல் இயலாது என்றனர் முற்போக்கு எழுத்தாளர். மண்வாசனை என்றும் தேசிய இலக்கியம் என்றும் அந்நாளில் எழுந்த குரல்கள், ஈழத்து எழுத்துக்குத் தனி முகம் அமைத்தன. இலக்கிய உலகில் அவ்வழக்கு எப்பொழுதோ தீர்ந்தது. வகுப்பறையில் இன்னும் தீர்ந்திலது.

நாம் இருசாராரிடத்தும் கற்க வேண்டுவது உண்டு. செந்தமிழ் நடை மாணவனுக்கு இன்றியமையாதது. அஃது அவனைப் பிற ஊராரோடும் பிற காலத்தாரோடும் பேச வைக்கும். அதனைத் தோட்டத்து மாணவனுக்கு மறுத்தல் அவனுக்கு இழைக்கும் தீங்காகும். ஆனால் செந்தமிழைக் கற்பித்தற்கு அவன் வீட்டுத் தமிழை இகழ வேண்டுவதில்லை. ‘கவ்வாத்து’ என்னும் ஒரு சொல், தேயிலைச் செடியைக் குறித்த காலத்தில் வெட்டித் தளிர்க்கச் செய்யும் தொழில் முழுவதையும் அடக்கி நிற்கின்றது. அதற்கு ஈடான செந்தமிழ்ச் சொல்லைத் தேடி அலைந்தால், சொல் கிடைப்பினும் தொழில் மறைந்துவிடும்.

எழும் தடைகள்

முதலாவது, தரம் குன்றும் என்பர். கம்பனை நீக்கி வேலுப்பிள்ளையை வைக்குமாறு நாம் கூறவில்லை. இருவரையும் அருகருகே வைக்குமாறு கூறுகின்றோம். கம்பனின் நாட்டுப் படலத்தையும் உமறுப்புலவரின் நாட்டுப் படலத்தையும் சேர்த்துக் கற்பித்துப் பாருங்கள். அரபு நாட்டைப் பாட வந்த உமறு, தமிழ் மருதத்தின் வயல்வளத்தை அங்கே விரித்திருப்பதை மாணவர் தாமே கண்டு வியப்பர். காணாத வயலை எழுதிய நம் மாணவனும் அவ்வாறே செய்தான் அன்றோ எனின், இரண்டும் ஒன்றல்ல. புலவர் மரபைக் கையாண்டு தமக்குரிய பொருளைத் தமிழாக்கினார். மாணவன் தனக்குரிய பொருளை அஞ்சி மறைத்தான். இவ்வேறுபாட்டை உணர்த்துவதே உயர்ந்த இலக்கியப் பாடமாகும். ஒப்புநோக்குவதாற் கம்பனின் பெருமை வளருமேயன்றிக் குறையாது.

இரண்டாவது, பரீட்சைக்கு உதவாது என்பர். இன்றைய பாடநூல்களில் ஈழத்தார் எழுத்துக்கள் முன்னையினும் மிகுந்துள்ளன என்பதை மகிழ்வோடு ஒப்புகின்றோம். ஆயினும் பாடநூல் நாடு முழுவதற்கும் பொதுவானது. ஒவ்வோர் ஊரின் எழுத்தையும் அது தாங்காது. அவ்விடத்தை நிரப்புவது ஆசிரியரின் கடன். நயம் எழுதப் பழகிய மாணவனுக்குப் புதிய பகுதி எது வரினும் அச்சமில்லை. ஒரு பகுதியின் விடையை மனனஞ் செய்தவனே தடுமாறுவான்.

மூன்றாவது, நூல் கிடைப்பதில்லை என்பர். இது முன்னர் மெய். சில நூறு படிகளே அச்சான நூல்கள் பல மறைந்தும் போயின. இன்று ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன.

நான்காவது தடையைப் பிறர் கூறார். நாமே கூறுதல் வேண்டும். வேற்றுச் சமூகத்தார் எழுத்தை இரங்கிப் பிச்சையிடுவார்போல ஒரு மூலையில் இடுதல், இடாமையினும் தீது. மலையக எழுத்து என்றவுடன் அழுகையை மட்டுமே தேர்ந்தெடுத்தால், வகுப்பிலுள்ள தோட்டத்து மாணவன் தலைகுனிவான்; ஏனையோர் அவனை இரங்கத்தக்கவனாகவே காண்பர். காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையும், கொழுந்து பறிப்போர் ஒருவரை ஒருவர் எள்ளிப் பாடும் பாட்டும் அவ்வாழ்வில் உண்டு. துன்பத்தோடு அவர்தம் நகைச்சுவையையும் கலைத்திறனையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். முஸ்லிம் மாணவனை எழுப்பி அவன் சமூகம் முழுவதற்கும் விடை கூறுமாறு பணித்தலும் அடாது. அவன் கற்க வந்த மாணவன். சாட்சி சொல்ல வந்தவனல்லன்.

செய்யத்தக்கவை

பெருந்திட்டம் எதுவும் வேண்டா. தவணைக்கு ஒரு சிறுகதையோ கவிதையோ நம் சூழலிலிருந்து தேர்ந்து, பாடநூற் பகுதி ஒன்றன் அருகில் வைத்துக் கற்பிக்கலாம். மாணவர் தம் பாட்டன் பாட்டிமாரிடம் கேட்ட தாலாட்டையும் ஒப்பாரியையும் விடுகதையையும் எழுதிக் கொணர்ந்து, வகுப்புக்கு ஒரு கையெழுத்துத் தொகுதி ஆக்கலாம். தோட்டச் சொல், முஸ்லிம் வீட்டுச் சொல், யாழ்ப்பாணச் சொல், நகரச் சொல் என நான்கு நிரல் இட்டு அகராதி தொகுக்கலாம். வாப்பா என்பவனும் ஐயா என்பவனும் அப்பா என்பவனும் ஒரே வாங்கில் அமர்ந்து அதனை எழுதுவராயின், எத்துணை நற்போதனையும் தராத நல்லிணக்கம் அங்கே தானே பிறக்கும். பொருள் தெரியாத சொல் வரும்போது ஆசிரியர் மாணவனிடம் கேட்டறிதலை இழிவாகக் கருதலாகாது. சாமிநாதையர் அவ்வாறே கேட்டார்.

பழைய மாணவராகிய நமக்கும் பணி உண்டு. கட்டடத்துக்கும் விளையாட்டுக்கும் பொருள் வழங்குவது போலக் கல்லூரி நூல்நிலையத்தில் மலைநாட்டு எழுத்தாளருக்கும் கண்டி முஸ்லிம் எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பு நூல்களுக்கும் ஒரு தட்டு அமைத்துத் தருதல் அருஞ்செயலன்று. இந்துக் கல்லூரி என்னும் பெயர் அதற்குத் தடையாகாது. தன் சமயத்தில் உறுதியாய் நின்றவரே பிற சமயத்தார் நூலை அச்சமின்றிக் காத்தனர் என்பதற்குத் தாமோதரம்பிள்ளை சான்று.

அக்கட்டுரைக் கொப்பி இன்று எங்குள்ளதோ அறியோம். அம்மாணவனின் குடும்பம் சில ஆண்டுகளிற் கண்டிப் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குச் சென்றுவிட்டது. பின்னாளில் வேறொரு வகுப்பில் நாம் ‘தேயிலைத் தோட்டத்திலே’யைப் படித்துக் காட்டியபோது, பின் வாங்கிலிருந்த ஒரு சிறுமி கையுயர்த்தி, ‘சேர், எங்கம்மாவும் இப்பிடித்தான் கொழுந்தெடுக்குறாங்க, நான் எழுதிக்கிட்டு வரவா?’ என்றாள். எழுதி வந்தாள். அதில் ‘பிரட்டு’ இருந்தது, ‘லயம்’ இருந்தது. ஒற்றுப்பிழைகள் சிலவும் இருந்தன. அவற்றை மட்டும் திருத்தினோம்.